ஒரு வாளியோடு வல்லம் வரை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வலைப்பதிவுகளில் பயணம் எழுதுகிறவர்கள் லடாக் போகிறார்கள், கொல்லிமலை ஏறுகிறார்கள், மேகத்தைப் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். நான் போனது தாம்பரத்திலிருந்து வல்லம் வரை. சுமார் இருபத்தேழு கிலோமீட்டர், மூன்று தடவை. என்னிடம் கேமரா இல்லாததால் படமும் இல்லை. இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று பிரவுசிங் சென்டர் வாசல் வரை வந்து இரண்டு முறை திரும்பிப் போனேன். இன்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். மணிக்கு இருபது ரூபாய் என்பதால் வேகமாக எழுதப் பார்க்கிறேன். உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் கேட்கிறேன், தைரியம் வந்தால்.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. நுண்ணுயிரியல். அம்மாவுக்கு இன்றைக்கும் அது பூச்சிப் படிப்பு. படிப்பு முடிந்து கிண்டியில் ஒரு சின்ன ஆலோசனை நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பூமி சூடாவதைக் குறைக்க நாடுகள் போட்ட கியோட்டோ ஒப்பந்தம் இந்த வருடம் நடைமுறைக்கு வந்த பிறகு எங்கள் அலுவலகத்தில் உட்கார இடமில்லை. சர்க்கரை ஆலை, கோழிப்பண்ணை, கழிவுநீர்த் தொட்டி என்று ஆளாளுக்கு வருகிறார்கள். எவ்வளவு மீத்தேனைக் காற்றில் விடாமல் எரித்தால் வெளிநாட்டுக்கு விற்க எவ்வளவு கரிமக் கணக்கு, அதாவது கார்பன் கிரெடிட், கிடைக்கும் என்று நாங்கள் அறிக்கை தயாரித்துக் கொடுக்கிறோம். மீத்தேன், கரியமில வாயுவைவிட இருபத்தொரு மடங்கு பூமியைச் சூடாக்கும் என்ற வரியை மட்டும் நான் எத்தனை அறிக்கைகளில் அடித்திருப்பேன் என்று தெரியாது. ஆனால் கழிவிலிருந்து வந்த மீத்தேன் ஒரு அடுப்பில் எரிவதை நான் பார்த்ததே இல்லை. அலுவலகத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

தாம்பரம் ஹாஸ்டலில் என் அறைத்தோழி ஜெஸி. அவளுடைய அண்ணன் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். தங்கியிருப்பது வல்லத்தில். "எங்கண்ணன் சாப்பிடற மெஸ்ல மிச்ச சோத்துல கேஸ் எடுக்காங்க. போய்ப் பாரேன்" என்றாள். ஆயுத பூஜை கழிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

தாம்பரம் மேற்கிலிருந்து படப்பை வழியாகப் போகும் பேருந்து. காலை 7.10க்கு ஏறினால் ஒரகடம் கூட்டுரோட்டுக்கு 8.05. டிக்கெட் எட்டு ரூபாய். முடிச்சூர் தாண்டும் வரை இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள். சாலையோரத்தில் ஒரு பால்காரர் வீடு, எருமைகள், அவற்றின் பின்னால் சிமெண்ட் வட்டத்துக்குள் கவிழ்த்து வைத்த பெரிய இரும்பு டிரம் ஒன்று தெரியும். அது சாணத்திலிருந்து வாயு எடுக்கும் கோபர் கேஸ் தொட்டி என்று எனக்குப் புரிவதற்குள் பேருந்து தாண்டிவிட்டது. அந்த ஒரு கணப் பார்வை பின்னால் எவ்வளவு உதவியது என்று சொல்கிறேன். படப்பைக்குப் பிறகு வயல்கள். வயல்களின் நடுவே ஆள் உயரத்துக்கு வெள்ளையடித்த கற்கள். அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் ஷேர் ஆட்டோவில் வல்லம் ஐந்து கிலோமீட்டர், ஐந்து ரூபாய். என்னோடு ஒன்பது பேர். நைட் ஷிப்ட் முடித்த இரண்டு பையன்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்கள். இறங்குமிடம் வந்ததும் டிரைவர் திரும்பிப் பார்க்காமலே, "வூடு வந்துச்சு, எயிந்திரு" என்றார். இரண்டு பேரும் கண்ணைத் திறக்காமல் இறங்கி நடந்தார்கள்.

மெஸ் நடத்துகிறவர் செல்வி அக்கா. சங்கரன்கோவில் பக்கம். கணவரோடு வந்தவர். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் ஊரில் இல்லை. ஒரு வீட்டின் கீழ்த்தளமும் கொல்லையும் வாடகைக்கு. மாடியில் ஏழு அறைகளில் தென்மாவட்டத்துப் பையன்கள். அவர்களோடு சேர்த்து நாற்பது பேருக்குச் சமைக்கிறார். சோறு வடித்த கஞ்சி, தட்டில் மிஞ்சியது, காய்த் தோல் எல்லாம் கொல்லைத் தொட்டிக்குள் போகும். காலை இட்லியும் மூன்று வேளைத் தேநீரும் அந்த வாயுவில்தான். மீதிக்கு சிலிண்டர். மானியத்தில் போட்ட தொட்டி. அதனால்தான் தட்டு விலையைப் பதினைந்து ரூபாயிலேயே வைத்திருக்க முடிகிறது என்று ஜெஸியின் அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தான்.

நான் போய் நின்றபோது கொல்லையில் சவுக்குக் கட்டை புகைந்துகொண்டிருந்தது. செல்வி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"நீதான் ஜெஸி சொன்ன புள்ளையா? கேஸ் பாக்க வந்தியாம். கேஸ் இருந்தாத்தான பாக்க? வா, டீ குடி."

தொட்டியைப் பார்த்தேன். அவ்வளவு அழகான தொட்டியை நான் கற்பனைகூடச் செய்ததில்லை. டிரம்முக்குப் புதிதாகப் பச்சை பெயிண்ட். மேலே மூன்று பட்டை திருநீறு, நடுவில் சந்தனமும் குங்குமமும். ஓரத்தில் வாடிய வாழைக்கன்று. சிமெண்ட் விளிம்பில் ஒரு கறைகூட இல்லை. ஆனால் டிரம் கீழே உட்கார்ந்திருந்தது. வாயு சேர்ந்திருந்தால் அது மிதந்து மேலே வந்திருக்க வேண்டும். பக்கத்தில் குனிந்தேன். புளித்துப் போய் நாட்கள் கடந்த மாவின் வாடை அடித்தது. சாணத் தொட்டிக்கு வேறு வாடை இருக்கும். அதை நான் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் முகர்ந்திருக்கிறேன்.

"எப்பலேருந்து இப்படி இருக்கு அக்கா?"

"பூசைக்கு அப்புறந்தான். யாரு கண்ணு பட்டுச்சோ. அம்புட்டுச் சுத்தமா கழுவிப் பொட்டு வச்சமே."

"கழுவினீங்களா?"

அக்கா பதில் சொல்லுமுன் முத்து வந்தான். முத்து அந்த மெஸ்ஸில் சாப்பிடும் கோவில்பட்டிப் பையன், தொழிற்சாலையில் லைன் ஆபரேட்டர். பெருமையாகச் சொன்னான். "மேடம், ஆயுத பூசைக்கு எங்க கம்பெனில மிஷின அக்கக்காக் கழட்டித் தொடைப்போம். ஃபைவ் எஸ்ஸுன்னு ட்ரெயினிங்கே குடுத்தாவ, சுத்தமா இருந்தாத்தான் மிஷின் ஓடும்னு. நமக்குச் சோறு போடுத மிஷின் இதுதான, இத மட்டும் நாத்தத்தோட விட்டா எப்படின்னு நானும் கணேசனும் மாரியும் லீவு போட்டோம். இருந்த குழம்பு எல்லாத்தையும் வெளிய எடுத்து, உள்ள இறங்கி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சு, பினாயில் ஊத்தி அலசி..."

எனக்கு அடுத்து எதுவும் கேட்கவில்லை. உள்ளே இறங்கி என்றதும் காது அடைத்துவிட்டது. அந்தக் குழியில் தங்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். அறிக்கைகளில் பாதுகாப்புப் பக்கத்தில் இதையும் நான் அடித்திருக்கிறேன். "மத்த ரெண்டு பேரும் எங்கே?" என்று கேட்டேன். முத்து உள்ளே கை காட்டினான். கணேசனும் மாரியும் தரையில் உட்கார்ந்து அப்பளத்தை யார் நொறுக்கியது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரையும் ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். டிரம்மைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு நாள் மழையில் திறந்து போட்ட பிறகுதான் இறங்கியிருக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்றியது அந்தச் சோம்பல்தான்.

நான் பொதுவாக நான்கு பேர் இருக்கும் இடத்தில் பேசமாட்டேன். அன்றைக்குப் பேச வேண்டியிருந்தது. கண் படவில்லை, கழுவியதால்தான் நின்றுவிட்டது என்றேன். அந்த நாற்றமெடுக்கும் குழம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, சோற்றை வாயுவாக்குவது அவைதான், பிளீச்சிங் பவுடர் அவற்றைக் கொன்றுவிட்டது, அதற்கு மேல் தினமும் சோறு கொட்டியதில் தொட்டி புளித்துவிட்டது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் என் காது சூடாகிவிட்டது.

முத்துவின் முகம் வாடிவிட்டது. செல்வி அக்கா அவனைப் பார்த்தார். "ஏல, பொட்டு வச்சுக் கொன்னிருக்கியளேல." பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை.

காரணம் வீட்டுக்காரர். பெயர் தேசிங்கு. எதிர் வீட்டில் இருக்கிறார், அங்கேயே பிறந்து வளர்ந்தவர். புகையைப் பார்த்துவிட்டு அப்போதுதான் வந்தார். மாடிச் சுவரில் கரி படிந்திருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இன்னா செல்வி, போன மாசந்தான் வெள்ளையடிச்சேன். பார் எப்டி கீதுன்னு. நான் சொல்லிட்டேன், மழை நின்னதும் கொத்தனார் வருவான். இந்தத் தொட்டிய மூடிட்டு ரெண்டு ரூம் போடறேன். ரூம் கேட்டு டெய்லி நாலு பேர் வந்துகினு கீறாங்க."

"கேஸ் வந்துட்டா புகை இருக்காதுல்லாண்ணே."

"எங்க வருது? பூஜை போட்டதுலேர்ந்து பொணம் மாரி கெடக்குது."

வீட்டுக்காரர் போன பிறகு அக்கா என்னிடம் கணக்குச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "தொட்டி போச்சுன்னா தட்டு விலைய ஏத்தணும். ஏத்தினா பயலுவ பாதிப்பேரு ரோட்டுக் கடைக்குப் போயிருவானுவ. அப்புறம் நானும் ஊருக்குப் போக வேண்டியதுதான்." சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார். ஊரே மழையைத் திட்டிக்கொண்டிருந்த அந்த நாட்களில், இன்னும் பத்து நாள் பெய்யட்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். மழை நிற்காத வரை கொத்தனார் வரமாட்டார். ஆனால் மழைக் குளிரில் தொட்டி சூடாகி வாயு பிடிப்பதும் தாமதமாகும். இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

செய்ய வேண்டியது எளிதுதான். புளித்துப் போனதை மேலிருந்தே வாளியால் மொண்டு வெளியேற்ற வேண்டும், யாரும் இறங்கக் கூடாது. கொஞ்சம் சுண்ணாம்பு. சில நாட்களுக்குச் சோறு கொட்டக் கூடாது. புதுச் சாணத்தைக் கரைத்து ஊற்ற வேண்டும். பால் உறைய மோர் வேண்டியது போல, வேலை செய்துகொண்டிருக்கும் வேறு தொட்டியிலிருந்து ஒரு வாளிக் குழம்பும் கிடைத்தால் சீக்கிரம் பிடிக்கும். அந்தத் தெருவில் மாடு வைத்திருப்பவர் தேசிங்கு ஒருவர்தான். செல்வி அக்கா போய்க் கேட்டார். நான் வாசலுக்கு வெளியே நின்றேன்.

"என் எடத்த எனுக்குத் தராம இருக்க, என் மாட்டுச் சாணியவே கேக்கறியே, நல்லா கீதே நாயம்."

"எரியலன்னா நானே மண்ணள்ளிப் போட்டு மூடித் தாரேண்ணே. குடும்."

"எடுத்துக்கோ. எரியாதுன்னு எனுக்குத் தெரியும்."

சாணம் கிடைத்தது. மிச்சம் இருந்தது ஒரு வாளிக் குழம்பு. அதை நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பேருந்து முடிச்சூரைத் தாண்டும்போதுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது.

அடுத்த ஞாயிறு இரண்டாவது பயணம். தாம்பரம் மார்க்கெட்டில் மூடியுள்ள இருபது லிட்டர் காலி பெயிண்ட் வாளி ஒன்று முப்பது ரூபாய்க்கு வாங்கினேன். முடிச்சூரில் இறங்கி அந்தப் பால்காரர் வீட்டைக் கண்டுபிடித்தேன். சாலையில் கணுக்கால் வரை தண்ணீர். வாசலில் நான் நின்ற நேரத்தில் நான்கு பேர் பால் வாங்கிப் போய்விட்டார்கள். ஐந்தாவதாகப் பால்காரரின் மனைவி என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, எவ்ளோ வேணும்? ஒரு லிட்டரா?"

"பால் இல்லீங்க. உங்க கேஸ் தொட்டியிலேர்ந்து... கொஞ்சம் கரைசல்."

அவர் என் வாளியைப் பார்த்தார், என் சுடிதாரைப் பார்த்தார், உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "தே, வந்து பாரு. பால் வாங்கற வூட்ல சாணி வாங்க ஒரு பொண்ணு வந்துகீது." பால்காரர் வந்தார். நான் செல்வி அக்கா கதையைச் சொன்னேன். பிளீச்சிங் பவுடர் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். பாதி வாளி நிரப்பிக் கொடுத்தார். காசு கேட்கவில்லை, நீட்டியபோதும் வாங்கவில்லை. "எரிஞ்சா வந்து சொல்லிட்டுப் போ" என்றார்.

இது போலக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு: மூடியை இறுக்கிவிடாதீர்கள். நான் இறுக்கினேன். குலுங்கக் குலுங்க உள்ளே வாயு சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. மண்ணிவாக்கம் தாண்டி ஒரு பள்ளத்தில் பேருந்து விழுந்து எழுந்தபோது மூடி டப்பென்று ஒரு பக்கம் திறந்துகொண்டது. பேருந்து முழுக்க என்னைப் பார்த்தது. கண்டக்டர் வந்தார்.

"இன்னாம்மா அதுல? கருவாடா?"

"இல்லீங்க. சாணி. கேஸுக்கு."

"கேஸா? பஸ்ல கேஸ் ஏத்தக் கூடாது, தெரியுமா தெரியாதா?"

பின் சீட்டில் குடையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னார். "யோவ், அது இன்னும் கேஸ் ஆவலைய்யா. ஆனப்புறம் புடி." எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, வாளியைப் படிக்கட்டுப் பக்கம் அவரே நகர்த்தி வைத்தார். ஒரகடத்தில் இறங்கும்போது கீழே எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். ஷேர் ஆட்டோவில் மட்டும் என்னிடம் இரண்டு பேருக்கான காசு வாங்கினார்கள். அது நியாயம் என்றே நினைக்கிறேன், என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

முத்துவும் கணேசனும் அந்த வாரமே புளித்ததை மொண்டு வெளியேற்றிச் சாணத்தைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள்; இப்போது இதையும் மேலிருந்தே ஊற்றினார்கள். டிரம்மில் பழைய பொட்டு மழையில் கரைந்திருந்தது. முத்து புதிதாக வைக்கப் போகிறானோ என்று பார்த்தேன். வைக்கவில்லை. "பயமா இருக்கு மேடம்" என்றான்.

அதன் பிறகு நான் அலுவலகத்தில் உட்கார்ந்து அறிக்கை அடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மழை. இந்த வருட மழை பூமி சூடாவதால்தானா என்று அலுவலகத்தில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வருட மழையை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது என்று எங்கள் மேலாளர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். என் மனமெல்லாம் வல்லத்தில் மழை நின்றதா என்பதிலேயே இருந்தது. முத்துவின் கைபேசியிலிருந்து அக்கா ஒருநாள் கூப்பிட்டார். டிரம் மேலே வந்துவிட்டதாம். எல்லோரும் கூடிப் பற்றவைத்தார்களாம். தீக்குச்சிதான் அணைந்ததாம். தேசிங்கு பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாராம்.

முதலில் வருவது பெரும்பாலும் கரியமில வாயு, எரியாது, முழுவதும் திறந்துவிட்டு அடுத்து சேர்வதுதான் எரியும் என்றேன்.

"நெசமாவா சொல்லுத?"

புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. நான் பார்த்ததில்லை. "நிஜமாத்தான் அக்கா" என்றேன். மழை அந்த வாரமே நின்றது.

மூன்றாவது முறை போனபோது கூட்டுரோடு முழுக்க வெயில். பேருந்தில் எல்லோரும் அப்பாடா என்றிருந்தார்கள், நான் மட்டும்தான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தேன். வல்லத்தில் இறங்கி நடந்தால் மெஸ் வாசலில் செங்கல் இறக்கியிருந்தது. ஒரு லோடு. பக்கத்தில் ஆற்று மணல்.

கொல்லையில் தேசிங்கு நின்றிருந்தார். கொத்தனாருக்கு இடம் காட்ட வந்தவர். டிரம் இரண்டாம் முறையாக மேலே வந்திருந்தது, ஒரு முழம் இருக்கும். செல்வி அக்கா எனக்காகக் காத்திருந்திருக்கிறார். "நீ வரட்டும்னு வச்சிருக்கேன் புள்ள" என்றார். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அக்கா குழாயைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினார். மெல்லிய சீறல் கேட்டது. தீக்குச்சி எரிந்து முடிந்து கீழே விழுந்தது. அடுப்பில் ஒன்றும் தெரியவில்லை. மேற்கூரை இல்லாத கொல்லை, உச்சி வெயில். தேசிங்கு தொண்டையைக் கனைத்தார்.

"பாத்தியா. நான் தான் அன்னிக்கே..."

அக்கா குழாயை மூடக் கையை நீட்டியவர் வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "ஆத்தீ, சுடுது." மறுபடி மெதுவாகக் கையை மேலே கொண்டுபோய் எடுத்தார். "எரியுதுட்டீ. எரிஞ்சுகிட்டுத்தான் இருக்கு."

முத்து ஓடிப் போய் ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்துப் பிடித்து வெயிலை மறைத்தான். அந்த நிழலில் அது தெரிந்தது. வெளிர் நீலம், அடுப்பைச் சுற்றி, ஒரு சத்தமும் இல்லாமல். நான் இத்தனை நாள் எண்ணாக அடித்துக்கொண்டிருந்தது இதைத்தான். நான் அழவில்லை என்று எழுத ஆசை. பக்கத்தில் சவுக்குப் புகைகூட இல்லை, சாக்குச் சொல்ல.

டீ போட்டார்கள். கொத்தனாருக்கும் ஒரு டம்ளர். தேசிங்கு குடித்து முடித்துவிட்டு, பால் காய்ச்சிய பாத்திரத்தைக் கவிழ்த்து அடியைத் தடவிப் பார்த்தார். விரலைப் பார்த்தார். கரி இல்லை.

"செங்கல் எறக்கிட்டேனே, இப்ப இன்னா பண்றது?"

"மாடில கெட்டுங்கண்ணே. மாடில எடம் கெடக்குல்லா?"

"மாடில கட்டினா கம்பி செலவு யாரு உங்கொப்பனா குடுப்பான்?" என்றார். கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். இறங்கி வரும்போது முடிவு செய்திருந்தார். ரூம் மாடியில். தொட்டி இருக்கலாம். ஆனால் அவர் வீட்டுக்கு ஒரு குழாய் இழுக்க வேண்டும், காலையில் வெந்நீருக்கும் காபிக்கும்.

செல்வி அக்கா யோசிக்கவேயில்லை. "தாரேன். உம்ம வீட்டு மிச்ச சோறும் காய்த் தோலும் தெனம் எங்க தொட்டிக்கு வரணும். சாணியும்."

"அடிப்பாவி, வியாபாரத்த பாரு" என்று தேசிங்கு கொத்தனாரிடம் சொன்னார். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத் தெரிந்து அந்த நாளில் யாரும் கை குலுக்கவில்லை. மறுநாள் காலை அவர் வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி நிறைய பழைய சோறு வந்ததாக முத்து சொன்னான். அதுதான் ஒப்பந்தம்.

திரும்பும்போது முடிச்சூரில் இறங்கிப் பால்காரரிடம் சொன்னேன். "எரிஞ்சிச்சா" என்று ஒரே வார்த்தை. அரை லிட்டர் பால் கொடுத்தார். ஹாஸ்டலில் காய்ச்ச வழியில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கிக்கொண்டேன். ஜெஸி அதைப் பச்சையாகவே குடித்துவிட்டாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஞாயிறு மதியம் போங்கள், பையன்கள் பெரும்பாலும் இருப்பார்கள், சாப்பாடு பன்னிரண்டரைக்குத் தயார். தட்டு இன்னும் பதினைந்து ரூபாய்தான். தாம்பரத்திலிருந்து போய்வர, சாப்பாட்டோடு சேர்த்து ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். தொட்டியின் மேல் குனிந்து தீக்குச்சி உரசாதீர்கள். எந்தத் தொட்டியிலும், எவ்வளவு சுத்தமான எண்ணத்தோடும், உள்ளே இறங்காதீர்கள். ஆயுத பூஜைக்கு வெளியே பொட்டு வைக்கலாம், தவறில்லை. செல்வி அக்காவின் தொட்டியில் இப்போது கையெழுத்தில் ஒரு பலகை தொங்குகிறது, முத்து எழுதியது: 'இதைக் கழுவக் கூடாது.'

அந்த ஒரு தொட்டியால் பூமியின் சூடு குறைந்துவிடாது. எங்கள் அறிக்கையின் கட்டங்களில் அதைப் போட்டால் புள்ளிக்குப் பின்னால் சில சுழியங்கள் வரும். எனக்குத் தெரியும், கணக்கு போட்டுப் பார்த்தேன். இருந்தாலும் திங்கள்கிழமை நாற்காலியில் உட்கார்ந்து 'மீத்தேன்' என்று அடித்தபோது, அது அட்டைப் பெட்டி நிழலில் எரிந்த நிறத்தோடு வந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அன்றுதான் மனம் இலேசாக இருந்தது.

இனி, கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

செல்வி அக்காவின் தெருவில் இன்னும் மூன்று மெஸ் இருக்கிறது. கரி ஒட்டாத பாத்திரத்தை அவர்களும் வந்து தடவிப் பார்த்துவிட்டார்கள். இரண்டு பேர் குழி தோண்டத் தொடங்கிவிட்டார்கள். செல்வி அக்காவின் தொட்டியிலிருந்து இப்போதே எடுக்க முடியாது, அது இன்னும் நோயிலிருந்து எழுந்த பிள்ளை மாதிரிதான். முடிச்சூர்ப் பால்காரரிடம் மறுபடி மறுபடி கேட்கவும் முடியவில்லை. இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது, குன்றத்தூர், மணிமங்கலம், படப்பை, ஸ்ரீபெரும்புதூர் எந்தப் பக்கமானாலும், வாயு தந்துகொண்டிருக்கும் தொட்டி ஒன்று இருந்தால், பின்னூட்டத்தில் ஊர்ப் பெயர் மட்டும் எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வாசலில் வந்து நிற்பேன். நான் கேட்கச் சற்று நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பாதி வாளி போதும். வாளி என்னுடையது.